உழைத்தவருக்குக் கூலி சரி, கட்டுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பல்கலைக்கழகங்களே நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கியிருப்பது பற்றித் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நெடுங்கால அநீதி ஒன்று நீங்கியது என்னும் அதன் முடிவில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் இங்கே வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் ஆதலால், எந்தச் செலவைக் கண்டாலும் அது எந்தத் தலைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்று தேடுவது என் பழக்கம். கட்டுரை தொடாமல் விட்ட இடமும் அதுவே.

முதலில், வீரர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரியின் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தபோது, அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். அந்தக் கல்லூரி கால்பந்தை ஒரு தொழிலாக நடத்தவில்லை என்று காரணம் காட்டி, மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லையே இத்தகைய இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு அஞ்சித்தான் புழக்கத்தில் விட்டோம் என்று, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தை (என்சிஏஏ) 1951 முதல் 1987 வரை நடத்திய வால்ட்டர் பையர்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அதே காலத்தில் தொலைக்காட்சி உரிமைப் பணம் மலையாகக் குவிந்தது. 2021 ஜூனில், வீரர்களுக்கான கல்வி சார்ந்த உதவிகளுக்குச் சங்கம் விதித்த வரம்பை எதிர்த்த ஆல்ஸ்டன் வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர்; அடுத்த மாதமே வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று.

இப்போது நடப்பது அதற்கும் அடுத்த கட்டம். சங்கத்தின் மீதும் பெரிய விளையாட்டுக் கூட்டமைப்புகளின் மீதும் வீரர்கள் தொடுத்த வழக்கில், 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, 2016 முதல் ஆடியவர்களுக்கு, பழைய விதிகளால் இழந்த வருவாய்க்கான நிலுவையாக ஏறத்தாழ 280 கோடி டாலர் பத்தாண்டுகளில் கொடுக்கப்பட வேண்டும். அது தவிர, 2025-26 கல்வியாண்டில் சமரசத்தில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் வீரர்களுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். பெரிய விளையாட்டுக் கூட்டமைப்புகளைச் சேர்ந்த கல்லூரிகளின் சராசரி விளையாட்டு வருவாயில் 22 விழுக்காடு என்று கணக்கிட்டு வந்த தொகை இது. இது உச்சவரம்புதான், கட்டாயம் அல்ல என்பார்கள். ஆனால் எதிரணி முழுத்தொகையையும் கொடுக்கும்போது நாம் பாதி கொடுப்போம் என்று சொல்லும் துணிச்சல் எந்த விளையாட்டு இயக்குநருக்கு உண்டு?

இத்தனை நாள் இந்தப் பணம் எங்கே போயிற்று? வீரருக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், வந்த பணம் பயிற்சியாளர்களின் சம்பளத்துக்கும், உடை மாற்றும் அறைகளை அரண்மனையாக்குவதற்கும் சென்றது. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் கால்பந்துப் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தத்தின் மீதிக் காலத்துக்காக அவருக்குச் சேர வேண்டியிருந்த தொகை ஏழரைக் கோடி டாலரைத் தாண்டியது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்வதற்கான அந்த விலையில், ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்கள் அனைவருக்கும் மூன்று ஆண்டுகள் உச்ச அளவில் பங்கு கொடுத்துவிடலாம். வீரர்களின் பங்குக்கு வரம்பு இருக்கிறது. பயிற்சியாளரின் சம்பளத்துக்கு இல்லை. தொண்ணூறுகளில் இளநிலைப் பயிற்சியாளர்களின் ஊதியத்துக்குச் சங்கம் ஓர் உச்சவரம்பு விதித்துப் பார்த்தது; அது தொழில் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றத்தில் தோற்று, ஐந்து கோடி டாலருக்கும் மேல் கட்டியது. ஆகவே எல்லோரும் கூடி வரம்பு கட்ட முடியாது. ஆனால் தன் கல்லூரியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் ஆட்சிக்குழு தன் கையை அடக்கிக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அது நடக்கவில்லை. மாறாக, கத்தி வேறு இடங்களில் விழுகிறது. கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில், இந்தச் சமரசத்தின் நிதிச்சுமையையும் ஒரு காரணமாகக் காட்டி, நீச்சல் அணிகளைக் கலைத்தது. பென்சில்வேனியாவின் செயின்ட் ஃபிரான்சிஸ் பல்கலைக்கழகம் அதே மாதம் தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஆடியது. சில நாட்களிலேயே, விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்காத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப் போவதாக அறிவித்தது. நிலுவைத் தொகையின் பெரும்பகுதியைச் சங்கம் கல்லூரிகளுக்கு வழக்கமாகப் பிரித்துக் கொடுக்கும் பணத்தில் பிடித்தம் செய்கிறது. வழக்கில் பிரதிவாதியாகவே இல்லாத, கோடிக்கணக்கில் எந்தத் தொலைக்காட்சிப் பணமும் பார்த்திராத சிறிய கல்லூரிகளும் அந்தப் பிடித்தத்தைத் தாங்குகின்றன. டென்னசி பல்கலைக்கழகம் 'திறமைக் கட்டணம்' என்று பெயர் வைத்து நுழைவுச்சீட்டின் மேல் பத்து விழுக்காடு ஏற்றியது. அதையாவது ஏற்கலாம், விருப்பப்பட்டு ஆட்டம் பார்க்க வருபவர் கட்டுகிறார். மைதானத்தின் பக்கமே போகாத மாணவரிடமும் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து விளையாட்டுக் கட்டணம் வாங்கும் அரசுக் கல்லூரிகள் இங்கே ஏராளம். பற்றாக்குறை வந்தால் நிர்வாகத்தின் கை முதலில் அங்கேதான் நீளும் என்பதை என் அனுபவத்தில் சொல்கிறேன்.

பெண் வீரர்களின் நிலை இன்னும் தெளிவாகவில்லை. நிலுவையில் மிகப் பெரும்பங்கு ஆண்கள் ஆடும் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் இந்தப் பகிர்வுக்கும் பொருந்தும் என்று 2025 ஜனவரியில் கல்வித்துறை சொன்னது. அடுத்த மாதமே புதிய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் ஊர் வாசகர்களுக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 செப்டம்பரில் டேவிஸ் கோப்பையில் சுவிட்சர்லாந்தை அதன் மண்ணிலேயே இந்தியா வென்றபோது, முதல் ஒற்றையர் ஆட்டத்தை வென்று கொடுத்த மதுரைக்காரர் தக்ஷிணேஸ்வர் சுரேஷ், எங்கள் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர். அவருக்கு முன், சென்னையில் பயின்ற சோம்தேவ் தேவ்வர்மன் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கல்லூரி ஒற்றையர் பட்டத்தை வென்றார். இவர்கள் வந்த வழி டென்னிஸ் உதவித்தொகை. பழைய விதிப்படி ஓர் ஆண்கள் டென்னிஸ் அணி முழுவதற்கும் நாலரைப் பேரின் முழு உதவித்தொகைக்கு ஈடான பணம்தான். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகள் இனி அணியின் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம். ஏட்டில் இது முன்னேற்றம்தான். கால்பந்துக்குக் கொடுத்தது போக டென்னிஸுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி. மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளுக்கு வேலைக் கட்டுப்பாடுகள் இருப்பதால், வருவாய்ப் பங்கும் எளிதில் கிட்டாது. பிள்ளையை இந்த வழியில் அனுப்ப நினைக்கும் பெற்றோர், அணியின் தரவரிசையை மட்டும் பார்க்காமல், அந்தக் கல்லூரி டென்னிஸ் அணியை இன்னும் நான்கு ஆண்டுகளுக்கு வைத்திருக்குமா என்பதைப் பயிற்சியாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

தங்கள் வாசகன்,
ராலே, வட கரோலினா