பாப்பாவுக்கு, ஸ்லோ குக்கர் விஷயமாக

நாயுடுபுரம்,
கொடைக்கானல்.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பெரியவள், சின்னவன் எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

இதை வாட்ஸப்பில் போட்டால் ட்யூட்டிக்கு நடுவில் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய். போனில் சொல்லலாம் என்றால், “சாப்பிட்டாச்சுப்பா, எல்லாரும் நல்லா இருக்கோம், அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிடுகிறாய். ஐப்பசி முழுக்க இப்படியே போய்விட்டது. அதனால்தான் தாளை எடுத்தேன். சமையல் விஷயம் என்பதால் அடுப்பு மேடைப் பக்கம் ஒட்டி வைக்கவும் தாள்தான் வசதி.

மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிற அந்தக் கரண்டுச் சட்டியை, அதுதான் ஸ்லோ குக்கரை, வாங்கி வந்து, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அலமாரி மேல் ஏற்றிவிட்டதாகப் பெரியவள் சொன்னாள். ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். “டோஸ்ட், சில நாள் பீட்சா, தம்பி சீரியல் சாப்பிடுவான் தாத்தா” என்றாள். சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர் உன்னுடையது. அந்தக் குளிரில் ராத்திரி நேரத்தில் பச்சைப் பாலில் சீரியலா? கேட்டதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு போகவில்லை. பூம்பாறைக்குப் போய்ப் பூண்டு எடுத்து வர வேண்டும். பின்பக்கத்துத் தகரம் ஒன்று காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. எல்லாம் அப்படியே கிடக்கிறது.

பெட்டியை இறக்கு. சட்டியைக் கழுவித் துடைத்து வை. மற்றதை நான் சொல்கிறேன்.

அது எனக்குத் தெரியாத சாமான் என்று நீ நினைக்கலாம். பக்கத்து வீட்டுக் காலேஜ் பையன் அதன் கதையை எடுத்துப் படித்துக் காட்டினான். இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1940-ல் அதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அவருடைய அம்மா லிதுவேனியாவில் வளர்ந்தவர். அங்கே யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையைப் பேக்கரி அடுப்பில் வைத்துவிட்டு வருவார்களாம். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், ராத்திரி முழுக்க அந்த அடங்கிய சூட்டிலேயே வெந்து கிடக்கும். அம்மா சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. 1971-ல் வேறொரு கம்பெனி அதைக் கிராக் பாட் என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் வேலைக்குப் போகும் பெண்கள் வீட்டுக்கு வீடு வாங்கியிருக்கிறார்கள்.

ஹாஸ்டல் அடுப்படியில் நாங்கள் செய்ததும் இதேதான், பாப்பா. 1845-ல் மதுரை மிஷன் அமெரிக்கர்கள் இங்கே சன்னிசைடு, ஷெல்டன் என்று முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அதற்குப் பிறகு இந்த மலையில் பங்களா சமையல் என்று ஒரு தொழிலே வளர்ந்தது. உன் பெரிய தாத்தாவிடம் நான் கற்றுக்கொண்டது அந்தக் கை. வாட்டில் மரத்து விறகு எரிந்து கங்கானதும், கறியும் காயும் சாஸில் வேகிற கேசரோல் சட்டியை ஓவனுக்குள் தள்ளி, கதவைச் சாத்திவிட்டு மற்ற வேலையைப் பார்ப்போம். டின் சூப் ஊற்றித்தான் அமெரிக்காவில் செய்வார்களாம். நமக்கு டின் ஏது? வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் விட்டு நாங்களே சாஸ் காய்ச்சிக்கொள்வோம். அதுதான் ருசியும்.

சரி, கோழி கேசரோலுக்கு நான்கு பேர் அளவு எழுதுகிறேன். கவனமாகப் படி.

கோழித் தொடைக்கறி, எலும்போடு, தோல் உரித்து, ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக. நெஞ்சுக்கறி வேண்டாம், இத்தனை மணி நேரம் தாங்காமல் நார் நாராக வறண்டுவிடும். உருளைக்கிழங்கு அரைக்கிலோ, கேரட் மூன்று, பெரிய வெங்காயம் இரண்டு, செலரி ஒரு தண்டு. பூண்டு ஆறு பல் என்று எழுத வந்தேன், நீ எட்டுப் பல் போடு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டின் காரம் அங்கே கடையில் கிடைக்கும் பெரிய பூண்டில் இருக்காது. பிரிஞ்சி இலை ஒன்று. மிளகு ஒன்றிரண்டாகத் தட்டியது ஒரு டீஸ்பூன். அம்மா போன தடவை கட்டிக் கொடுத்தாளே, தாண்டிக்குடி மிளகு, அது தீர்ந்துவிட்டதா? தீராமல் இருந்தால்தான் எனக்குக் கவலை.

வாணலியில் வெண்ணெய் போட்டு வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கு. இந்த ஐந்து நிமிஷத்தை மட்டும் மிச்சம் பிடிக்காதே. ஸ்லோ குக்கருக்குள் எதுவும் சிவக்காது. வதக்காமல் போட்டால் எல்லாம் வெந்திருக்கும், ஆனால் ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி வெளுத்துக் கிடக்கும். வெங்காயம் சிவந்ததும் இரண்டு மேஜைக்கரண்டி மைதா தூவிப் பச்சை வாசனை போகக் கிளறிக்கொள்.

உருளையும் கேரட்டும் அடியில் போக வேண்டும். கறிதான் வேக நேரமாகும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்தச் சட்டியில் கிழங்குதான் லேட். சூடு அடியிலிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதால் கிழங்கு அங்கே ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கேரட்டைக் கட்டைவிரல் கனத்துக்கு நறுக்கு, எல்லாத் துண்டும் ஒரே கனமாக இருக்கட்டும். அதன் மேல் வெங்காயம், பூண்டு, செலரி. எல்லாவற்றுக்கும் மேலே கறி. தண்ணீரோ ஸ்டாக்கோ 300 மில்லி போதும். குறைவாகத் தெரியும், கூட ஊற்றிவிடாதே. ஆவி வெளியே போகாது. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் திரண்டு, விளிம்பு வழியாகத் திரும்பச் சட்டிக்குள்ளேயே இறங்கும். கோழியும் தண்ணீர் விடும். ஸ்டாக் கட்டி போட்டால் உப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்.

லோவில் வைத்தால் ஆறிலிருந்து ஏழு மணி நேரம். ஹையில் என்றால் மூன்றரை, நான்கு. நடுவில் மூடியைத் திறக்காதே. ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்பி வர இருபது நிமிஷம், அரை மணி ஆகும். கண்ணாடி மூடி எதற்கு, வெளியிலிருந்தே பார்க்கத்தானே? பச்சைப் பட்டாணி கடைசிப் பதினைந்து நிமிஷத்தில். பாலோ க்ரீமோ விடுவதாக இருந்தால் கடைசி அரை மணியில். முன்பே விட்டால் திரிந்துவிடும்.

இங்கத்துக் கணக்கை அங்கே வைத்துப் பார்க்காதே. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் பிரஷர் குக்கர் இல்லாமல் நம் வீட்டில் பருப்பு வேகாது. உன் ஊரில் அது நூறு டிகிரி. அம்மா சொல்கிற நேரத்தை நம்பினால் உருளை கரைந்தே போகும்.

இன்னொன்று முக்கியம். ஆஸ்பத்திரியில் இருக்கிறவள், உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். சிவப்பு ராஜ்மாவை மட்டும் பச்சையாக இந்தச் சட்டியில் போடாதே. ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்கவிட்டு அப்புறம்தான் சேர்க்க வேண்டும். பத்து நிமிஷம் போதும் என்பார்கள், நீ அரை மணி விடு. அதில் ஒரு நச்சு இருக்கிறது. கொதித்தால்தான் போகும். ஸ்லோ குக்கரின் மந்தச் சூட்டில் அது இன்னும் கூடிப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. ஐஸாக உறைந்த கறியையும் நேராகப் போடாதே, முதல் நாளே ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் இறக்கி வை. சூடான சட்டியைப் பச்சைத் தண்ணீரில் வைக்காதே, விரிசல் விட்டுவிடும்.

நேரம் இல்லை என்பாய். இருக்கிறது. காய்கறியை முதல் நாள் ராத்திரியே நறுக்கி டப்பாவில் போட்டு வை. கறி தனி டப்பாவில். உனக்கு லாங் டே என்றால் காலையில் ஆறே முக்காலுக்குக் கிளம்பி ராத்திரி எட்டரைக்கு வருகிறாய், அத்தனை நேரம் அது ஓடக் கூடாது. காலையில் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் சுவிட்சைப் போடட்டும். மாப்பிள்ளை போடலாம். அவர் இல்லாத நாளில் பெரியவள் பள்ளிக்கூடம் போகும்போது போட்டுவிட்டுப் போவாள், சமர்த்துப் பிள்ளை. வெந்து முடிந்ததும் தானே வார்முக்கு மாறுகிற டைமர் இருக்கிறதா பார். வார்மிலும் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதே. பச்சைக் கறியைப் போட்டுவிட்டு மத்தியானம் தானாக ஆரம்பிக்கிற மாதிரி மட்டும் வைக்காதே.

நீ வார்டு சிஸ்டர் ஆன அன்று அம்மா மார்க்கெட்டில் கேரட் விற்கிறவளிடம்கூடச் சொல்லிவிட்டு வந்தாள். நானும் சொன்னேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹாஸ்டல் சமையல்காரன் மகள் சீமையில் ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்துவிடும். வார்டில் யார் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று எழுதி வைப்போம் என்று நீதான் சொன்னாய். உன் வீட்டுத் தட்டை யார் பார்க்கிறார்கள் பாப்பா? நீ என்ன சாப்பிடுகிறாய் என்று யார் கேட்கிறார்கள்? கழுத்தெலும்பு தெரிகிறது என்று அம்மா சொல்கிறாள். போன் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டே பெரியவள் மேஜையைத் துடைத்தாள். மூன்று தட்டு எடுத்து வைத்தாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருப்பார் என்றாள் அம்மா. நானும் ஆமாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அவரோடு பேசியது. அப்போது சளி பிடித்திருந்தது. இப்போது எப்படி இருக்கிறார் என்று நீயாகச் சொல்லவில்லை. மிளகு போட்ட இந்தச் சாறு சளிக்கு நல்லது, அவருக்கும் பிடிக்கும். கல்யாணம் ஆன புதிதில் இங்கே வந்தபோது இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் எழுத வந்தது அளவைப் பற்றித்தான். அந்தச் சட்டி பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். முக்கால் பாகத்தையும் தாண்டக் கூடாது. பாதிக்குக் கீழே போனால் அடி பிடிக்கும், கறி வறண்டுவிடும். அதனால் ஒருநாள் ஆள் குறைவு என்றாலும் நீ அளவைக் குறைக்காதே. நான்கு பேருக்கு உள்ளதை அப்படியே செய். மிச்சத்தை ஆழமில்லாத டப்பாவில் மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. மறுநாள் சூடு பண்ணினால் இன்னும் ருசியாக இருக்கும். சோற்றோடும் சாப்பிடலாம், ரொட்டியோடும் சாப்பிடலாம். எப்படியானாலும் பிள்ளைகளை மேஜையில் உட்காரவைத்து நீயும் கூட உட்கார். எட்டரைக்கு வந்தாலும் உட்கார். நின்றுகொண்டே சாப்பிடாதே.

அம்மாவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட் புதுப்பித்து வந்துவிட்டது. விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று திண்டுக்கல்லில் விசாரித்து வைத்திருக்கிறேன். இதை வேறெதற்கும் சொல்லவில்லை. நீ வா என்றால் வருவோம். அங்கே வந்து அடுப்படியை நான் பார்த்துக்கொள்வேன், பிள்ளைகளை அம்மா பார்த்துக்கொள்வாள். நீ இங்கே வருவதானாலும் சரி. உன் அறையில் பூண்டு மூட்டை வைப்பதை நிறுத்திவிட்டேன், சுண்ணாம்பும் அடித்தாயிற்று. எதற்கு, என்ன என்று இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். அக்கம்பக்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன்.

அடுத்த கடிதத்தில் ஆட்டுக்கறி ஸ்ட்யூ எழுதுகிறேன். அதற்கு லோவில் எட்டு மணி நேரம் வேண்டும், அளவும் வேறு. உன் சட்டி எத்தனை லிட்டர் என்று அடியில் அச்சடித்திருக்கும், பார்த்து எழுது. எத்தனை பேருக்கு எழுத வேண்டும் என்பதையும் எழுது. மூன்று என்றால் மூன்றுக்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா