முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது?

தஞ்சாவூர்,
ஞாயிறு இரவு.

அன்புத் தோழி,

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. திருப்பூர் வீட்டு ஹாலிலேயே பரதநாட்டிய வகுப்பு தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். தயங்காமல் தொடங்கு. கல்யாணத்துக்குப் பிறகு நீ சலங்கையைப் பரணில் போட்டுவிட்டாயே என்று நான் எத்தனை நாள் மனம் வெந்திருக்கிறேன் தெரியுமா? ஆனால் ஹாலில் என்ன தரை என்று நீ எழுதவில்லை. டைல்ஸ் என்றால் முதலில் அதைக் கவனி.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மொட்டைமாடி ஷெட்டில் ஆறு வருஷம் வெறும் சிமெண்டுத் தரையில்தான் சொல்லிக்கொடுத்தேன். போன வருஷம் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, நல்ல தாளஞானம் உள்ளவள், நாட்டடவு என்ற அடிப்படை அசைவு இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், போய்க்கொண்டிருந்தபோது சட்டென்று நின்றுவிட்டாள். முட்டிச் சில்லுக்குக் கீழே, எலும்பு துருத்தும் இடத்தில் வலி. தொட்டாலே துடித்தாள். வளரும் வயதில் எலும்பு வேகமாக நீளும், அங்கே வந்து சேரும் தசைநார் அதை இழுக்கும், அதன்மேல் தினமும் தட்டினால் இப்படி வலிக்கும், கொஞ்ச நாள் ஓய்வு கொடுங்கள், வளர்ச்சி முடிந்தால் அடங்கிவிடும் என்றார் மருத்துவர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. “இன்னும் உட்காரு, இன்னும் உட்காரு” என்று அவளை விரட்டியவள் நான்தானே.

மறுநாள் வகுப்பில் ஒரு அடவும் எடுக்கவில்லை. எல்லாரையும் அரைமண்டியில், முட்டியை மடித்துப் பாதி உட்கார்ந்த நிலையில், நிற்கவைத்து, எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு முட்டிகளை மட்டும் பார்த்தேன். முப்பத்துநாலு பிள்ளைகளில் பாதிக்கு மேல் பாதத்தைப் பக்கவாட்டில் அழகாகத் திருப்பியிருந்தார்கள். முட்டியோ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது. தொடை இடுப்பு மூட்டிலிருந்து திரும்பவே இல்லை. பாதம் ஒரு பக்கம், தொடை ஒரு பக்கம் என்றால் நடுவில் முறுகுவது முட்டிதான். நமக்கு நடனம் கற்றுத்தந்த வாத்தியார் இதைச் சொல்லித்தரவில்லை. அவருக்குத் தெரியாமல் இல்லை, கண்ணால் பார்த்தே திருத்திவிடுவார். மொத்தம் ஏழு பேர்தானே நாம்!

இப்போது என் வகுப்பில் ஒரே கேள்விதான்: “முட்டி எந்தப் பக்கம் பார்க்கிறது? விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது?” இரண்டும் ஒரே பக்கம் பார்க்கும் அளவுக்குப் பாதம் திரும்பினால் போதும், அதற்குமேல் வேண்டாம். முதுகைச் சுவரில் ஒட்டி வழுக்கிக்கொண்டே இறங்கச் சொல்கிறேன். புட்டம் பின்னால் துருத்தினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடவேண்டும். ஆறு வயதுக் குழந்தைக்கு அரைமண்டி கால்வாசிதான் வரும். வரட்டும், அவசரமில்லை. இரண்டு வருஷத்தில் அதுவே இறங்கும்.

தரைக்கு வருகிறேன். நகை ஒன்றை அடகு வைத்துத்தான் செய்தேன். ஆசாரியைக் கூப்பிட்டு ரீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, கட்டைக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து, மேலே கனமான பிளைவுட். மிதித்தால் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். சத்தமும் மாறிவிட்டது! சிமெண்டில் எல்லாக் காலும் ஒரே மாதிரி பட்டென்று கேட்கும். இதில் கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம், யார் முழுப் பாதம் வைக்கிறாள், யார் குதிகாலால் இடிக்கிறாள் என்று.

அப்புறம் அரங்கேற்றம். “மிஸ், எப்போ அரங்கேற்றம்?” என்று இரண்டாம் வருஷமே கேட்கிறார்கள். உன்னிடமும் கேட்பார்கள். ஒரு அப்பா, “நாட்டிய மேதை பாலசரஸ்வதியே ஏழு வயதில் அரங்கேறவில்லையா?” என்றார். உண்மைதான், 1925இல் காஞ்சிபுரத்தில். ஆனால் அவர் வீணை தனம்மாள் வீட்டுப் பேத்தி. தொட்டிலிலேயே பதம் என்னும் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர், அம்மா ஜெயம்மாள் பாட, நட்டுவனார் கந்தப்பா பிள்ளையிடம் கண்டிப்பான பயிற்சி. நம் பிள்ளைகள் வாரத்துக்கு இரண்டு நாள், டியூஷன் முடித்துக் களைத்துப் போய் வருகிறார்கள். இதை அந்த அப்பாவிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். அவர் மகளை வேறு வகுப்பில் சேர்த்துவிட்டார். எட்டே மாதத்தில் மேடையேற்றினார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நீண்ட உருப்படியான வர்ணத்தில் பாதியிலேயே அந்தக் குழந்தைக்கு மூச்சு வாங்கியது, முகத்தில் அபிநயம் போய் பயம் வந்துவிட்டது. அவளைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நான் செய்வது இதுதான்: அடவெல்லாம் மூன்று காலத்திலும் ஒழுங்காக வந்தபின் கோயிலில் சலங்கை பூஜை, கூட்டமாக அலாரிப்பு என்ற தொடக்க நடனம். செலவு குறைவு. குழந்தைக்கும் பெருமை. அலாரிப்பை நீயே ஆடிப்பார், நின்றபடி முதலில் கண்ணும் கழுத்தும் அசையும், பிறகு தோள், கை, அப்புறம்தான் மண்டி. மார்க்கம் என்கிற கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்திய சகோதரர்களான தஞ்சை நால்வர் அதை ஏன் தொடக்கத்தில் வைத்தார்கள் என்பது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உடம்பை மெல்ல மெல்ல எழுப்பும் வரிசை அது.

பணத்தைப் பற்றியும் கேட்டாய். மாதம் எண்ணூறு வாங்குகிறேன், நாலு பேரிடம் வாங்குவதில்லை. ஆடை, நகைக்குக் கமிஷன் எடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம், நம்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். கதவைத் திறந்தே வை. பெற்றோர் உட்கார்ந்து பார்க்கட்டும். தொட்டுத் திருத்துவதற்குமுன் “கையைப் பிடிக்கட்டுமா?” என்று கேள். தாளம் தட்டும் தட்டுக்கழி தட்டுமனைக் கட்டையில் மட்டும்தான் விழவேண்டும், பிள்ளைகள்மேல் அல்ல. உன் கணுக்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா? வாத்தியார்மேல் எனக்கு உயிர். ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர் செய்தது சரியில்லை என்று இப்போது துணிந்து சொல்வேன்.

முட்டி வலித்த பெண் அத்தனை மாதமும் சும்மா உட்காரவில்லை. கையில் தாளம் போட்டாள், எனக்குத் தாளச் சொற்களான சொல்லுக்கட்டு சொன்னாள், சின்னப் பிள்ளைகளுக்கு முத்திரை காட்டினாள். நேற்று திரும்ப ஆடினாள். தட்டடவு, முதற்காலம், பத்தே நிமிஷம். முட்டி விரலுக்கு நேராக இருந்தது.

சரி, மணி பதினொன்று ஆகிவிட்டது. விஜயதசமிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிடு, என் வகுப்பில் உட்கார்ந்து பார். வாத்தியாருடைய தட்டுக்கழி உன்னிடம்தானே இருக்கிறது? அதையும் எடுத்துவா. என்னுடையது பிளந்துவிட்டது.

அன்புடன்,
உன் பழைய வரிசைத் தோழி