அபிக்கு அம்மா எழுதுறது

அபி, போன்ல இதெல்லாம் பேச முடியல, இங்க காய் உலத்துற ஆளுங்க பக்கத்துலயே நிக்கிறாங்க, அதான் டைப் பண்றேன், முழுசா படி. எனக்கு கர்ப்பப்பை வாய் டெஸ்ட்ல பாசிட்டிவ்னு சித்தி சொல்லி நீ ராத்திரி பூரா அழுதியாமே. எனக்கு கேன்சர் இல்லம்மா.

தாண்டிக்குடில சிஸ்டர் 30 வயசு தாண்டுன பொம்பளைங்கள எல்லாம் கூப்பிட்டாங்க, நானும் போனேன். அசிட்டிக் ஆசிட், வினிகர்ல இருக்கே அதேதான், தண்ணியா கலந்து பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாய்ல வச்சு ஒரு நிமிஷம் கழிச்சு பாக்குறாங்க, வெள்ளையா மாறுனா பாசிட்டிவ். புண்ணு, இன்ஃபெக்‌ஷன் இருந்தாக்கூட சில சமயம் அப்படி தெரியுமாம். பட்டைல மேடு தெரியுற காப்பிச் செடிய எல்லாம் அப்பா உடனே புடுங்கிப் போடுறாரா, உள்ள புழு இருக்கான்னு சுரண்டிப் பாத்துட்டுதான முடிவு பண்றாரு, அது மாதிரிதான் இதுவும்.

ஆனா மலைக்குக் கீழ ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில காட்டுனப்ப எடுத்த எடுப்புல, பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பைய எடுத்துடலாம்னுட்டாங்க. அப்பா பயந்துபோய் மிளகு வித்த காசு இருக்கு, கட்டிடுவோம்னாரு. நான் விடல. இன்னும் நோயே என்னன்னு தெரியல, எதுக்காக எடுக்குறீங்க, இப்ப எடுக்கலைன்னா என்ன ஆகும்னு கேட்டேன், நேரா பதில் வரல, எந்திரிச்சு வந்துட்டோம்.

திண்டுக்கல் பெரியாஸ்பத்திரில கால்போஸ்கோப்பில பெருசாக்கிப் பாத்து பொட்டு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புனாங்க. சிஐஎன் 1னு வந்துச்சு, அதாவது செல்லுல லேசான மாற்றம், கேன்சர் இல்ல. இது பெரும்பாலும் தானாவே சரியாயிரும், ஒரு வருசம் கழிச்சு திரும்ப வாங்கன்னாங்க. 2, 3னு வந்திருந்தாலும் அந்த இடத்த மட்டும் உறைய வச்சோ வெட்டியெடுத்தோ சரி பண்ணலாம், எடுத்தவுடனே கர்ப்பப்பைல கை வைக்க வேண்டியதில்லைன்னு அந்த டாக்டரம்மா பொறுமையா சொன்னாங்க. அந்த வினிகர் டெஸ்ட்ட நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே 30லருந்து 59 வயசுப் பொம்பளைங்களுக்கு பண்ணி, தேவைப்பட்டவங்களுக்கு வைத்தியமும் பாத்து, இந்த கேன்சர்ல சாவுறது 35 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2007ல லான்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல வந்துச்சாம். அந்த டெஸ்ட்ட பண்ணது ட்ரெய்னிங் எடுத்த நர்சுங்கதானாம். எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா.

இப்ப உன் விஷயம். உனக்கும் 30 ஆச்சு. பெங்களூர்ல எச்பிவி டெஸ்ட்டே பண்ணிக்கலாம், எச்பிவின்னா இந்த கேன்சர உண்டாக்குற வைரஸ், அது இருக்கான்னு நேராவே பாக்குறது, நார்மல்னு வந்தா அடுத்த 5 வருசத்துக்கு திரும்ப பாக்க வேண்டியதில்லையாம். இது உறவு மூலமா ஒட்டுறதுதான், ஆனா வைரஸ் இருக்குன்னு வந்தா மாப்பிள்ளைய ஒரு வார்த்தை தப்பா பேசிடாத, எப்ப வந்ததுன்னே சொல்ல முடியாது, வருசக்கணக்கா உடம்புல சத்தமில்லாம கெடக்கும், நிறைய பேருக்கு ரெண்டு வருசத்துக்குள்ள தானா போயிரும். போகாம தங்குறதுதான் ஆபத்து, அதுவும் கேன்சரா மாற பல வருசம் ஆகும், அதுக்குள்ள பிடிச்சுடலாம்ங்கிறதாலதான் இவ்வளவு சொல்றேன். தீட்டு நாள்ல போகாத. வழக்கத்துக்கு மாறா வெள்ளைப்படுறதோ உறவுக்கப்புறம் ரத்தம் படுறதோ இருந்தா டெஸ்ட்டுக்கு நாள் பாத்துட்டு இருக்காம உடனே டாக்டர்ட்ட போ.

பாப்பாவுக்கு 9 வயசு ஆனதும் இந்த வைரஸுக்கான தடுப்பூசி போட்டுரு, 14க்குள்ள போடுறதுதான் நல்லது. ரிப்போர்ட் வந்தா எனக்கு அனுப்பு, யாராவது உடனே ஆபரேஷன்னு சொன்னா கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி எனக்கு போன் பண்ணு, நான் அடுத்த பஸ்ஸ பிடிச்சு கிளம்பி வந்துடுறேன்.

அம்மா