தங்கச்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

ஸ்தோத்திரம். போன வாரம் போனில், "கோயிலுக்குப் போய் ரெண்டு வருஷம் ஆகுதுண்ணே" என்றாய். உடனே பேச்சை மாற்றினாய். நானும் விட்டுவிட்டேன். அது மனசில் கிடந்து உறுத்துகிறது.

உனக்கு விசுவாசம் போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் படுக்கிறாய். பின்னே எப்படி விட்டுப்போனது?

ஊரில் அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போடுவாள். ஞாயிறன்று அதைச் சுமப்பது உன் வேலை. கோயிலின் முதல் மணிக்குத் தலை பின்னி, இரண்டாம் மணிக்குள் கலயத்தோடு வாசலில் நிற்பாய். 1903ல் நம்ம திருநெல்வேலியில் தொடங்கின இந்திய மிஷனெரி சங்கத்துக்குக் காணிக்கை வாங்க வீடு வீடாகப் போவதும் நீதான். சபையார் கூடிச் சாப்பிடும் அசனத்துக்கு வெங்காயம் உரிக்க உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

சென்னைக் கோயிலில் உனக்கு எந்த வேலையும் இல்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் வண்டியை எடுக்கிற அவசரம். வருஷக்கணக்கில் போயும் உன் பேர் ஒருவருக்கும் தெரியாது. அப்புறம் 2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு ஞாயிறு. அந்த வருஷ ஈஸ்டரையே போனில்தான் பார்த்தோம். கோயில் திறந்த பிறகும் போன் ஆராதனையே பழகிப்போனது. பெரியவனுக்கு ஞாயிறு காலையில் நீட் வகுப்பும் வந்தது.

இன்னொன்றும் உண்டு. அப்பா அடக்கத்துக்கு நீ வந்திருந்தபோது, துக்க வீட்டுப் பந்தலிலேயே இரண்டு அணிக்காரர்களும் சபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டார்கள். நீ ஒன்றும் சொல்லவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன்.

விட்டுப்போனவர்களிடம் எல்லாரும் எபிரெயர் 10:25ஐச் சொல்வார்கள்: 'சபை கூடிவருதலைச் சிலர் விட்டுவிடுகிறதுபோல நாமும் விட்டுவிடாமல்'. முந்தின வசனத்தில் 'ஒருவரையொருவர் கவனித்து' என்று இருக்கிறதே, அதை யார் செய்தோம்? இந்த ரெண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம்கூட, "இன்னைக்குப் போனியாம்மா" என்று நான் கேட்கவில்லை. அது என் தப்பு. மன்னித்துக்கொள்.

நம்ம சபைப் போதகர் ஐயரிடம் பேசினேன். உன் வீட்டுப் பக்கத்துச் சபையில் ஞாயிறு பள்ளிக்கு ஆள் இல்லையாம். வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளியில் நீ சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அங்குள்ள ஐயர் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு.

ஞாயிறு மத்தியானம் கூப்பிடுகிறேன். நீ போயிருந்தாலும் சரி, போகாவிட்டாலும் சரி, போனை எடு.

உன் அண்ணன்