ஜாமீன் கிடைத்தும் சிறையில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேரளத்தின் பெண் சிறைகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நாடு முழுவதும் 2019 இறுதியில் 19,913 ஆக இருந்த பெண் கைதிகள் 2022 இறுதியில் 23,772 ஆகிவிட்டார்கள் என்று சொல்லி, பெண்களிடம் குற்றம் பெருகுகிறதோ என்று கேட்டிருந்தீர்கள். சித்தூர் கோர்ட்டில் (எங்கள் பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல) வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அந்தக் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த எண்கள் டிசம்பர் 31 அன்று உள்ளே இருந்தவர்களின் தலைக்கணக்கு. எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்பதோடு, வெளியே வர முடியாமல் எத்தனை நாள் கிடந்தார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. 2022-ல் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள், அதாவது வழக்கு இன்னும் முடியாதவர்கள். திருவனந்தபுரம் பூஜப்புரையிலுள்ள பெண்கள் திறந்தவெளிச் சிறையைக் கட்டுரை புகழ்ந்திருந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் தண்டனை பெற்றவர்களுக்குத்தான் அது.

கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எந்த எல்லைச் சோதனைச்சாவடி வழியாக வந்து பிடிபட்டாலும் தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு முதல் சிக்கல் வழக்கு அல்ல, ஆள் ஜாமீன்: அவளுக்காகப் பொறுப்பேற்று நிற்க ஆள் வேண்டும். பஸ்ஸில் சங்கிலி அறுத்ததாகப் பிடிபட்டால் மலையாளப் பத்திரிகையில் படம் வரும். ஜாமீன் உத்தரவான பிறகும் அவள் ஏன் வெளியே வரவில்லை என்று யாரும் எழுதுவதில்லை. இந்த ஊரில் நிலம் உள்ள இரண்டு பேர் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு வந்து நிற்க வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிட்டாவைக் கொண்டுவந்தால், அதை இங்கே யார் சரிபார்ப்பது என்று திருப்பிவிடுவார்கள். முன்பின் தெரியாத பெண்ணுக்கு எங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர் எவர் ரசீதை நீட்டுவார்? கூலிக்கு ஜாமீன் நிற்கிற ஆட்கள் உண்டு. அவர்கள் கேட்கிற தொகை இருந்தால் அவள் ஏன் அந்த வேலைக்குப் போகிறாள்?

ஆணுக்கும் இதே விதிதானே என்பார்கள். விதி ஒன்றுதான், வீடு வேறு. புருஷன் உள்ளே போனால் பெண்டாட்டி தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வக்கீல் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவாள். பெண்டாட்டி உள்ளே போனால் புருஷன் ஒரு வாய்தாவுக்கு வருவான், அடுத்ததற்கு வரமாட்டான். மாமனார் பேரில் உள்ள நிலத்தை அவளுக்காக எடுத்துக்கொண்டு யாரும் வருவதில்லை. கடைசியில் வருவது அவளுடைய அம்மாதான். அந்த அம்மாவின் பேரில் ஒரு சென்ட் நிலமும் இருக்காது. விசாரித்துக்கொண்டு திருச்சூர் தாண்டி வியூர் பெண்கள் சிறை வரை போய், முகத்தைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புவாள்.

1978-ல் மோதிராம் வழக்கில் ஒரு கொத்தனாருக்கு இதே கதிதான். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட மாஜிஸ்திரேட், வேறு மாவட்டத்தில் சொத்து இருக்கிறது என்று கொத்தனாருடைய சகோதரரின் ஜாமீனையும் தள்ளிவிட்டார். உச்ச நீதிமன்றம் ஜாமீன்தாரர் இல்லாமல் ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையிலேயே விடச் சொன்னது. தமிழனோ மலையாளியோ தூரதேசத்தில் கைதானால் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டவர் நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர். எங்கள் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர், 1957 கேரள அமைச்சரவையில் சிறைத் துறையையும் பார்த்தவர். பெண் கைதிகளுக்கான தேசிய நிபுணர் குழுவுக்குத் தலைமை தாங்கி 1987-ல் அறிக்கை கொடுத்தவரும் அவரே. அவர் பிறந்த மாவட்டத்திலேயே அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொல்லிவிட்டது: உள்ளூர் ஜாமீன்தாரர் என்ற நிபந்தனையால் விடுதலை தாமதமாகிறது, அதை விதிக்காமல் இருக்கலாம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஆள் வெளியே போகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தின் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆனால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். ஏழைக் கைதிகளுக்காக அதே ஆண்டு வந்த மத்திய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை என்று தொடக்கத்தில் வைத்தார்கள். ஆனால் அது பணம், ஆள் அல்ல. கஞ்சா வழக்கென்றால் அந்தப் பணமும் கிடையாது. எல்லையில் சிக்குகிற பெண்களில் கஞ்சாப் பையோடு பிடிபடுபவர்களும் உண்டு. யாரோ கொடுத்தனுப்பிய பை என்பது வேறு கதை.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுக் கேளுங்கள்: வியூர் பெண்கள் சிறையில் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் இருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளாக, அவர்களில் தமிழ்நாட்டு முகவரி உள்ளவர்கள் எத்தனை பேர்? ஏழு நாள் கடந்ததும் ஆணையத்துக்குக் கடிதம் போனதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.