அந்த இடுக்கி

அக்கா,

நான் வரவில்லை.

எழுதிக்கொண்டே போனால் மனம் மாறிவிடும் என்று பயந்து அதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். எனக்காக நீ போட்ட அமெரிக்கக் குடியேற்ற மனு, வரிசை, கட்டணம் எல்லாம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். 2006இல் அதைப் போடும்போது என்னிடம் நீ ஒரு கையெழுத்துக்கூட வாங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் நீயாகவே காத்திருந்தாய்.

போனில் சொல்ல மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் நீ வீட்டின் மாடி அறையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாய். ‘யோசித்துப் பார்க்கிறேன்’ என்றேன். ஜப்பானில் ஒருவர் ‘யோசித்துப் பார்க்கிறேன்’ என்றால் அநேகமாக ‘முடியாது’ என்று பொருள். உனக்கு அது தெரியாது என்று தெரிந்தேதான் சொன்னேன். ஏமாற்று வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ மூச்சு விடவே இடம் கொடுக்காமல் பேசுகிறாயே, அதற்கு என்ன பெயர்?

இந்த வலைப்பக்கத்தை நீ ஓசையில்லாமல் படித்துவருவதாக அத்தான் சொன்னார். பெரியப்பா வீட்டிலும் படிக்கிறார்கள். என் மேலாளருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மொழிபெயர்த்துக் கொடுக்க இப்போது இயந்திரம் இருக்கிறது. ஆகவே சில இடங்களில் வளைத்துத்தான் எழுதுவேன். அவர் நல்ல மனிதர். இதை மனதாரச் சொல்கிறேன்.

2023 அக்டோபர். நீயும் உன் மகள் பாப்பாவும் டோக்கியோவுக்கு என்னிடம் வந்திருந்தீர்கள். ஷிம்பாஷியில் ரயில் பாலத்துக்கு அடியில் அந்த இசகாயா, குடியும் சாப்பாடும் கிடைக்கும் கடை. இரண்டு ஆண்டுகளாக நாம் இருவருமே அந்த இரவைப் பேச்சில் கொண்டு வரவில்லை. இன்று பேசிவிடுகிறேன்.

சாலட் வந்தது. மெல்லிதாகச் சீவிய வெள்ளை முள்ளங்கி, அதன் தலையில் மொறுமொறுவென்று பொரித்த பொடிமீன். பெரிய கிண்ணம், ஓர் இடுக்கி, அடுக்காகச் சின்னத் தட்டுகள். மேசையில் எட்டுப் பேர். நான் இடுக்கியை எடுத்தேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. அங்கே யாரும் சொல்லவே மாட்டார்கள், கிண்ணத்துக்கும் என் கைக்கும் இடையே ஒரு நொடி மௌனம் விழும், அவ்வளவுதான். இரண்டாவது தட்டை நிரப்பும்போது மேலாளர் பாராட்டினார்: ‘ஜோஷிரியோகு தகாய் தேசு நே.’ அவர் என்ன சொல்கிறார் என்று நீ கேட்டாய். நான் சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்: ‘உனக்குப் பெண் சக்தி அதிகம் என்கிறார்.’

மொழிபெயர்ப்பில் சோறு தின்கிறவள் செய்யக் கூடாத பிழை அது. ஸ்பைஸ் கேர்ள்ஸ் பாட்டுக்குழு 1990களில் மேடையில் முழங்கிய ‘கேர்ள் பவர்’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான் உன் காதில் விழுந்திருக்கும். உன் ஊரில் அந்தச் சொற்களுக்கு யாருக்கும் அடங்காதவள் என்று பொருள். இங்கே அதே இரண்டு சொற்களுக்கு, கேட்பதற்கு முன்பே சாலட்டைப் பிரித்து வைப்பவள், கைப்பையில் ஈரத்துணியும் பிளாஸ்திரியும் ஊசிநூலும் வைத்திருப்பவள், நகத்தை ஒழுங்காக வைத்திருப்பவள் என்று பொருள். அலுவலகங்களில் பெண்களே ஒருவரையொருவர் இந்தச் சொல்லால் அளந்துகொள்வார்கள், பாதி கேலியாக, பாதி உண்மையாக. விளக்கி முடிக்க எனக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டது. நீ அதைத் தரவில்லை. என் கையிலிருந்து இடுக்கியை வாங்கி அவர் கையில் கொடுத்து, ‘உங்கள் சக்தியையும் கொஞ்சம் பார்ப்போமே’ என்றாய், ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி.

அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டார்கள், ஆகவே சரியாகிவிட்டது என்று நீ நினைத்தாய்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இத்தனை ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தும் புரட்டாசியில் கவிச்சி தொடாதவள் நீ. அந்தக் கிண்ணத்தின் ஓரத்தில் மீன் படாத முள்ளங்கியை உனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். இடுக்கி என் கையில் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமல் அது உன் தட்டுக்கு வந்திருக்கும், உன் விரதத்தைப் பற்றி எட்டுப் பேருக்கு நான் விளக்கவும் வேண்டியிருந்திருக்காது. வாழ்க்கையில் முதல்முறையாக இடுக்கி பிடித்த அந்த மனிதர் கிண்ணத்தை அடிவரை புரட்டிவிட்டார். உன் தட்டில் மீன் விழுந்தது. நீ அதைத் தொடவில்லை. அதையும் நீ ஒரு எதிர்ப்பாகத்தான் செய்கிறாய் என்று மேசையில் எல்லாரும் நினைத்தார்கள்.

பிறகு நான் தலை குனிந்து சொன்னது: ‘அனே கா ஷிட்சுரேய் இதாஷிமாஷிதா.’ என் அக்கா மரியாதைக் குறைவாக நடந்துகொண்டாள், மன்னியுங்கள். அதோடு விட்டிருக்கலாம். ‘அமெரிக்காவில் நெடுநாள் இருப்பவள்’ என்றும் சேர்த்தேன்.

கார்ட்டூன் பார்த்தே ஜப்பானிய மொழி கற்ற பாப்பா, டாக்சியில் ஏறிக் கதவு மூடுவதற்குள் உன்னிடம் மொழிபெயர்த்துவிட்டாள். ‘எனக்காக மன்னிப்புக் கேட்க நீ யார்?’ என்றாய். நிஷி-கசாயில் என் வீடு வந்து சேரும்வரை இன்னும் பலவும் சொன்னாய். ‘கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் ஒரு மாமியார் வீட்டுக்கு மருமகளாகப் போய்விட்டாய்’ என்றது மட்டும் இன்னும் ஆறவில்லை. நன்றாகத்தான் சொன்னாய். அடுத்தவர் சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

ஆனால் ‘இது சாமுராய் காலத்துப் பாடம், இவர்கள் ரத்தத்தில் ஊறியது’ என்றாயே, அதை மட்டும் விட மாட்டேன். இங்கே ‘ரியோசாய் கென்போ’ என்று ஒரு தொடர் உண்டு: நல்ல மனைவி, அறிவுள்ள தாய். சாமுராய்க்கும் அதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. 1868இல் தொடங்கிய மெய்ஜி காலத்தில் நகமுரா மசனாவோ என்ற அறிஞரோடு சேர்த்துத்தான் அந்தக் கருத்தைப் பேசுவார்கள். 1866இல் மாணவர்களை அழைத்துக்கொண்டு லண்டன் போனவர் அவர். திரும்பி வந்து ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் சுதந்திரம் பற்றி எழுதிய நூலை ஜப்பானிய மொழியில் பெயர்த்தார், 1875இல் நல்ல தாய்மார்களை உருவாக்குவது பற்றிக் கட்டுரை எழுதினார். விக்டோரியா காலத்து ஆங்கிலேய வீட்டுத் தலைவியை அவர் கண்ணாரக் கண்டு வந்தவர். 1899இல் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகளுக்கு அரசாணை வந்தபோது பாடமே அதுதான். ஜப்பானின் பழைமை என்று நீ அருவருத்ததில் பாதி உன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்தது, அக்கா.

இந்த வரலாற்றை எல்லாம் உன்னை மடக்குவதற்காகப் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்சியில் தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நான் எடுத்துப் பேசினேன். சமையலறையிலிருந்து நீ எட்டிப் பார்த்து, ‘யாரடி அந்தப் பத்து வயதுக் குழந்தை?’ என்றாய். உண்மைதான், ஜப்பானிய மொழியில் பேசும்போது என் குரல் ஏறிவிடுகிறது, போனில் இன்னும் ஏறுகிறது. இங்கே அது மரியாதை. உன் குரல் மட்டும் எங்கே இருந்தது? 2017இல் உன் வீட்டில் இருந்தபோது நீ அலுவலகக் கூட்டத்தில் பேசியதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். அடிவயிற்றிலிருந்து வரும் குரல், அம்மாவோடு சண்டை போடும்போது மட்டும் வருமே, அது. பிரிட்டிஷ் பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரே பயிற்சி எடுத்துத்தான் குரலைத் தாழ்த்திக்கொண்டார். உன் ஊரில் பெண் பேச்சு எடுபட வேண்டுமானால் குரலை இறக்க வேண்டும், என் ஊரில் ஏற்ற வேண்டும். நீ இறக்கியதற்கு நான் சிரிக்கவில்லை.

அதே பயணத்தில் எனக்கு நேர்காணல் பயிற்சி கொடுத்தாய், நினைவிருக்கிறதா? கையை இறுக்கிப் பிடி, கண்ணைப் பார், ‘நாங்கள் செய்தோம்’ என்று சொல்லாதே, ‘நான் செய்தேன்’ என்று சொல். பாட்டி சொன்ன அச்சம் மடம் நாணம் பயிர்ப்பிலிருந்து தப்பித்து வந்தவர்கள்தாம் நாம் இருவரும். உன் உணவு மேசையில் உட்கார்ந்து இன்னொரு நான்கை மனப்பாடம் செய்தேன்.

செய்திகளாக அனுப்பிக்கொண்டே இருந்தாய். 2019இல் யூமி இஷிகாவாவின் இயக்கம்: வேலைக்குக் குதிகால் காலணி கட்டாயம் என்பதை எதிர்த்தது. ஜப்பானிய மொழியில் ‘குட்சு’ என்றால் காலணி, ‘குட்சூ’ என்றால் வலி, அதை ‘மீ டூ’வோடு பிணைத்துக் ‘குடூ’ என்று பெயர் வைத்தார்கள். ‘பார், உன் நாடு’ என்று கீழே எழுதியிருந்தாய். 2015இல் லண்டனில் ஒரு வரவேற்பாளர் தட்டைக் காலணி போட்டு வந்ததற்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார், அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள் என்று பதில் அடித்து, அனுப்பாமல் அழித்தேன். 2018இல் நீ அனுப்பிய இன்னொரு செய்திக்கு என்னிடம் பதிலே இல்லை. டோக்கியோவில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத்தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைக் கமுக்கமாகக் குறைத்துவந்தது. அன்று இரவு உன் அழைப்பை எடுக்காமல் இருந்தது அதனால்தான்.

பாப்பா பிறந்த ஆண்டு நீ எனக்குப் போன் செய்து அழுதாய். எட்டே வாரத்தில் வேலைக்குப் போய்விட்டாய். கழிப்பறையின் மூடிய இருக்கையில் உட்கார்ந்து, பால் எடுக்கும் கருவியின் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டதாகச் சொன்னாய். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது, என்ன சொல்வதென்று தெரியாமல் ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டேன். இந்த நாட்டில் பிரசவத்துக்குப் பிறகு எட்டு வாரம் சட்டப்படி விடுப்பு, குழந்தைக்கு ஒரு வயதாகும்வரை உதவித்தொகையோடு வீட்டில் இருக்கலாம் என்று இங்கே வந்த பிறகு தெரிந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் குழாய்ச் சத்தம்தான். குனிந்து வணங்கும் பெண்களின் நாட்டில் ஓர் ஆண்டு, நிமிர்ந்து நடக்கும் பெண்களின் நாட்டில் சம்பளமில்லாத பன்னிரண்டு வாரம். ஆனால் இங்கே அந்த விடுப்பு முடிந்து திரும்பி வருகிறவளுக்குப் பல இடங்களில் அதே நாற்காலி கிடைக்கும், அதே வேலை கிடைக்காது. என் அலுவலகத்தைச் சொல்லவில்லை.

2011 ஜூலையில் பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஜப்பானும் அமெரிக்காவும். நீ அங்கே பிற்பகலில் பார்த்தாய், நான் இங்கே விடியுமுன் எழுந்து பார்த்தேன். நிலநடுக்கம் முடிந்து நான்கு மாதம். அடக்கமான பெண்ணுக்கு உவமையாகச் சொல்லும் நாதேஷிகோ என்ற இளஞ்சிவப்புப் பூவின் பெயரைத்தான் ஜப்பான் அணிக்கு வைத்திருக்கிறார்கள். 117ஆவது நிமிடத்தில் ஹோமாரே சாவா அடித்த கோலைப் பார்த்து அந்தப் பெயரை நினைத்துச் சிரித்தேன். ஆட்டம் முடிந்ததும் போன் செய்து, ‘நாம் தோற்றுவிட்டோம்’ என்றாய். நாம் என்றால் யார் அக்கா? அதற்கு நான் டாக்சி அளவுக்குக் கோபப்படவில்லையே.

ஒன்றுக்கு மட்டும் நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்கிறேன், உன்னிடம் அல்ல, பாப்பாவிடம். அந்த மேசையில் தன்னை அறிமுகம் செய்துகொண்டபோது அவள் ‘போக்கு’ என்றாள். ‘நான்’ என்பதற்குப் பையன்கள் சொல்லும் சொல் அது. மேசைக்கு அடியில் அவள் தொடையைக் கிள்ளி, ‘வதாஷி என்று சொல்’ என்றேன். அவள் முகம் சுருங்கியது. இந்த ஊரில் பிற்காலத்தில் பெண்மை மிக்க பேச்சு என்று கொண்டாடிய ‘தவா’, ‘தேயோ’ போன்ற வாக்கிய முடிவுகளை மெய்ஜி காலப் பள்ளி மாணவிகள் பேசியபோது பெரியவர்கள் கொச்சை என்று காறித் துப்பினார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கிள்ளினேன்.

அந்த மன்னிப்பு வாக்கியத்துக்கு வருகிறேன். பாப்பா உனக்குச் சொன்ன மொழிபெயர்ப்பு சரி, ஆனால் முழுமையில்லை. அடுத்தவர் அக்காவை இங்கே ‘ஓநேசான்’ என்று மரியாதையாகச் சொல்ல வேண்டும். ‘அனே’ என்பது தன் சொந்த அக்காவை வெளியாரிடம் தாழ்த்திச் சொல்லும் சொல். தன்னைச் சேர்ந்தவர்களை மட்டும்தான் அப்படித் தாழ்த்தலாம், தன்னைச் சேர்ந்தவர்களுக்காக மட்டும்தான் தலை குனியலாம். அன்று அந்த மேசையில் மேலாளர் வெளியார், நீதான் என் வீடு. இதை இரண்டு ஆண்டுகளாக எனக்குள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி நேரம் நம்புகிறேன். ‘அமெரிக்காவில் நெடுநாள் இருப்பவள்’ என்று சேர்த்ததற்கு எந்த இலக்கணமும் கைகொடுக்கவில்லை.

சென்ற வெள்ளிக்கிழமை மறுபடி ஒரு விருந்து. கிண்ணம் வந்தது. உன்னை நினைத்துக்கொண்டு கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். மேலாளர் எடுக்கவில்லை. புதிதாகச் சேர்ந்த பையனும் எடுக்கவில்லை. ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருக்கும் மூத்த அம்மையார் எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டி எடுத்தார், எடுக்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எழுந்துபோய்த் தட்டுகளைப் பிடித்துக்கொண்டேன்.

ஏன் வரவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, உனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. பெரியப்பா, நலம்தானே?

கட்டணமாக நீ கட்டிய தொகையை உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். திருப்பி அனுப்பாதே. மாடி அறையைப் பாப்பாவுக்கே கொடுத்துவிடு. வரும் கோடையில் அவளை இங்கே அனுப்பு, ஒரு மாதம் இருக்கட்டும், ‘போக்கு’ என்றே பேசட்டும். அவள் மீன் சாப்பிடுவாள் என்பதாவது உனக்குத் தெரியுமா? அன்று உன் தட்டில் விழுந்த மீனை, நாம் இருவரும் மேசையின் இரு பக்கத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது அவள்தான்.