கோழியின் மேல் போட்ட பழி

பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களுக்கு,

வணக்கம். 2011 செப்டம்பர் என்று யாராவது வாயெடுத்தாலே நம் ஆட்கள் இன்னமும் பொரித்த கோழியையும் பீரையும்தான் இழுக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது நம் பிட்ச்சர்கள் (பந்து வீசுபவர்கள்) உள்ளே உட்கார்ந்து தின்றார்களாம், அணி கவிழ்ந்துவிட்டதாம். தின்றது தப்புதான். ஆனால் கவிழ்த்தது கோழி இல்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் வைல்டு கார்டு இடத்துக்கு, அதாவது பிரிவில் முதலிடம் பிடிக்காத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் அடுத்த சுற்று இடத்துக்கு, டாம்பா பே அணியைவிட 9 ஆட்டங்கள் முன்னால் இருந்தோம். அப்புறம் 27 ஆட்டங்களில் வென்றது 7. தொடர்ந்து இரண்டு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை.

ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்ச்சர்கள் ஐந்து பேர் முறை வைத்து வீசுவது வழக்கம். அந்த ஐவரில், ஜூனிலேயே மட்சுசாகாவுக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. முதுகுப் பிரச்சினையால் வெளியேறிய பக்ஹோல்ஸ் அந்த ஆண்டு திரும்பவே இல்லை. லாக்கி பழுதான முழங்கையோடு வீசிக்கொண்டிருந்தார். காலி இடத்துக்கு 45 வயது வேக்ஃபீல்டு. பாவம், தன் வாழ்நாளின் 200வது வெற்றிக்கு அவர் எட்டு முறை இறங்க வேண்டியிருந்தது. செப்டம்பரில் நம் தொடக்க பிட்ச்சர்கள் 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 7 ரன்களுக்கு மேல் கொடுத்தார்கள். முதலில் வருபவர் நாலாவது இன்னிங்ஸிலேயே உட்கார்ந்துவிட்டால், மிச்ச ஐந்தையும் பின்னால் வருபவர்கள் சுமக்க வேண்டும். மறுநாளும் அதே கைகள்தான் வீசியாக வேண்டும்.

செப்டம்பர் 28, பால்டிமோர். 3-2 முன்னிலை, 9வது இன்னிங்ஸ், எதிரணியில் இரண்டு பேர் அவுட், பேஸில் யாரும் இல்லை; இன்னும் ஒருவர் அவுட் ஆனால் வெற்றி. ஆட்டத்தை முடித்துவைக்க வந்த நம் பிட்ச்சர் பாபெல்பான் அடுத்தடுத்து மூன்று அடி வாங்கினார், 4-3 என்று தோற்றோம். சில நிமிடங்களில் டாம்பா பே அணியின் லாங்கோரியா பந்தை எல்லைக்கு வெளியே அடித்து (ஹோம் ரன்) தன் அணியை ஜெயிக்கவைத்தார். மொத்தத்தில் நாம் 90 வெற்றி, அவர்கள் 91; வைல்டு கார்டு இடம் அவர்களுக்குப் போயிற்று.

ஒரே ஒரு வெற்றி! ஏப்ரலில் முதல் 6 ஆட்டங்களையும் தோற்றோமே, அப்போது எந்தக் கோழி வந்தது? அந்தத் தோல்விகளுக்கும் இதே எடைதான். யாரும் பேசுவதில்லை, நாள்பட்டுவிட்டதல்லவா.

2013-இல் நாம் வென்ற உலகத் தொடரில் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) முதல் ஆட்டத்தையும் ஐந்தாவதையும் வென்று தந்தவர் நம் பிட்ச்சர் லெஸ்டர். கோப்பையை உறுதி செய்த ஆறாவது ஆட்டத்தில் வீசியவர், முழங்கையைச் சரிசெய்துகொண்டு வந்த லாக்கி. கோழி விவகாரத்தில் நாம் திட்டித் தீர்த்தோமே, அதே இருவர்.

இப்படிக்கு,
உங்களோடு சேர்ந்து திட்டிய ஒருவன்